வீட்டு ஹைஃபைக்குப் பவர் ஆம்ப்ளிஃபயர் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள், பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அளவுள்ள கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்து இசை கேட்பவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஐந்து, ஏழு ஸ்பீக்கர்கள் கொண்ட ஹோம் தியேட்டருக்குக் கணக்கு வேறு.

பவர் ஆம்ப்ளிஃபயர் என்பது எந்தப் பெட்டி? இன்டகிரேட்டட் ஆம்ப் இருந்தால் போதாதா?

சிடி பிளேயரோ டிஏசியோ (டிஜிட்டல் இசையை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) தருவது ஒன்றிரண்டு வோல்ட் சிக்னல்தான். ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு அதில் மின்னோட்டம் இருக்காது. அந்தச் சிக்னலை வாங்கி, அதன் உருவம் மாறாமல் வோல்டேஜை இருபது முப்பது மடங்கு உயர்த்தி, ஸ்பீக்கர் கேட்கும் மின்னோட்டத்தையும் தாராளமாகத் தருவதே பவர் ஆம்பின் வேலை. வால்யூம் குமிழும், எந்தக் கருவியைக் கேட்பது என்று மாற்றும் சுவிட்சும் பிரீஆம்பில் இருக்கும்; இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது இன்டகிரேட்டட் ஆம்ப்.

தனியாகப் பவர் ஆம்ப் வாங்குவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் இரண்டு. இன்டகிரேட்டட் தரக்கூடியதைவிட உங்கள் ஸ்பீக்கர் அதிகம் கேட்பது ஒன்று. வால்யூம் கட்டுப்பாடு உள்ள நல்ல டிஏசியோ இணைய இசையை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமரோ ஏற்கெனவே கையில் இருப்பது மற்றொன்று. இவை இரண்டும் இல்லாதவருக்கு ஒரு நல்ல இன்டகிரேட்டட் போதும். மீதிப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை அவருக்கும் பொருந்தும்.

எதிலிருந்து தொடங்குவது?

ஸ்பீக்கரிலிருந்து. ஆம்பை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற ஸ்பீக்கரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்கிறார்கள். ஸ்பீக்கரோடு வந்த தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள்: உணர்திறன் எத்தனை டெசிபல், மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) எத்தனை ஓம். “பரிந்துரைக்கப்படும் ஆம்ப் 20 முதல் 150 வாட்” என்று அதே தாளில் இருக்கும் வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உணர்திறன் என்பது 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு சத்தம் வருகிறது என்பது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த 2.83 வோல்ட் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அது 2 வாட் ஆகிவிடும்; ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் தாளில் 89 டெசிபல் என்று இருந்தால், ஒரு வாட்டுக்கு 86 என்றுதான் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த 3 டெசிபலைக் கவனிக்காமல் விட்டால் ஆம்பின் தேவையைப் பாதியாக மதிப்பிட்டுவிடுவோம்.

ஸ்பீக்கர்களுக்குள் இருக்கும் இடைவெளி மிகப் பெரியது. பிபிசி தன் ஒலிப்பதிவு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறு பெட்டியின் உணர்திறன் சுமார் 83 டெசிபல். 1946 முதல் வரும் கிளிப்ஷ்ஹார்ன் என்ற மூலைக் கொம்பு ஸ்பீக்கருக்கு அதன் தயாரிப்பாளர் குறிக்கும் எண் 105. இடையில் உள்ள 22 டெசிபல், திறனில் ஏறத்தாழ 160 மடங்கு.

அப்படியானால் எனக்கு எத்தனை வாட் வேண்டும்?

ஒரு தாளும் பென்சிலும் போதும். உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் என்றும் நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி அமர்கிறீர்கள் என்றும் கொள்வோம். ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குப் போகும்போது திறந்தவெளியில் சுமார் 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதால் 3 டெசிபல் கூடும். ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு வாட் போனால் உங்கள் காதில் சுமார் 80 டெசிபல். சுவர்கள் திருப்பித் தருவது இதற்கு மேல் கொஞ்சம் இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக விட்டுவிடுங்கள்.

வீட்டில் மனநிறைவாகக் கேட்கும் சராசரி அளவு 75 டெசிபல் என்று எடுத்துக்கொண்டால், சராசரியாகச் செலவாவது மூன்றில் ஒரு வாட்தான். ஆனால் இசை சராசரியில் நிற்பதில்லை. நாதஸ்வரக் கச்சேரியின் நல்ல பதிவு ஒன்றைப் போடுங்கள்: தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் அந்தக் கணத்தில் சிக்னல் சராசரியைவிட 15, சில பதிவுகளில் 20 டெசிபல் மேலே எழும்பும். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு. மூன்றில் ஒரு வாட்டின் நூறு மடங்கு சுமார் 32 வாட். ஆக, 50 வாட் ஆம்ப் இந்தக் கூடத்துக்குச் சரியாகப் பொருந்தும். கொஞ்சம் சத்தமாக, சராசரி 80 டெசிபலில் கேட்பவருக்கு உச்சத்தில் 100 வாட் தேவைப்படும். அதே பழக்கம் உள்ளவர் 92 டெசிபல் ஸ்பீக்கர் வைத்திருந்தால் 25 வாட் போதும்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்தால் தெரியும் வேறுபாடு, அவ்வளவே. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே 80 வாட் மாடலுக்கும் 100 வாட் மாடலுக்கும் நடுவே தடுமாற வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு டெசிபல்தான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்டை நம்பலாமா?

வாட் எண்ணுக்கு நான்கு நிபந்தனைகள் உண்டு: எத்தனை ஓமில், எத்தனை சேனல்களை ஒருசேர இயக்கி, எந்த அதிர்வெண் எல்லைக்குள், எத்தனை சதவீத உருக்குலைவில் (சிக்னலின் உருவம் மாறும் அளவு) அளந்தார்கள் என்பவை. “8 ஓம், இரு சேனல்களும் இயங்க, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்கும் குறைவான உருக்குலைவில் 60 வாட்” என்பது முழுமையான வாக்கியம். “6 ஓம், ஒரு சேனல் மட்டும், 1,000 ஹெர்ட்ஸ், 10 சதவீத உருக்குலைவில் 120 வாட்” என்பதும் பொய்யல்ல. ஆனால் அந்த 120, முன்னே சொன்ன 60-க்குப் பக்கத்தில்தான் எங்கோ நிற்கும். இந்தக் குழப்பம் முற்றிப்போனதால்தான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் 1974-இல் வீட்டு ஆம்புகளின் வாட்டை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதியே வகுத்தது. 2024-இல் அதைத் திருத்தவும் செய்தது.

நம் ஊரில் டூ-இன்-ஒன் காலத்தில் பெட்டியெல்லாம் “பிஎம்பிஓ” (கணநேர உச்சத் திறன்) என்று ஆயிரக்கணக்கான வாட் எழுதியிருக்கும். அதைச் சோதிக்கப் பின்பக்க ஃப்யூஸே போதுமானது. 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட பெட்டி, சுவரிலிருந்து தொடர்ந்து இழுக்கக்கூடியது 115 வாட்தான். சுவரிலிருந்து வராத திறன் ஸ்பீக்கருக்கும் வராது.

இப்போது இணையத்தில் விற்கும் சிறிய கிளாஸ் டி ஆம்ப் பெட்டிகளுக்கும் (அந்த வகையின் விளக்கம் கீழே வரும்) இதே சோதனைதான். “300 வாட் + 300 வாட்” என்று எழுதியிருப்பார்கள். கூடவே வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 48 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 240 வாட், அதுவும் இரண்டு சேனல்களுக்கும் சேர்த்து. உள்ளே இருக்கும் சிப் நல்ல சிப்பாகவே இருக்கலாம், பெட்டியும் உங்கள் கூடத்துக்குப் போதுமானதாகவே இருக்கலாம். ஆனால் 300 என்ற எண்ணுக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

என் ஸ்பீக்கர் 4 ஓம். எந்த ஆம்பும் ஓட்டுமா?

ஓட்டும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. 8 ஓமில் 100 வாட் என்றால் 28.3 வோல்ட், 3.5 ஆம்பியர். அதே 28.3 வோல்ட்டை 4 ஓமில் தாங்கிப்பிடிக்க 7 ஆம்பியர், அதாவது 200 வாட் வேண்டும். ஆகவே தாளில் 8 ஓமுக்கு 100, 4 ஓமுக்கு 180 அல்லது 200 என்று இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் கையிருப்போடு அமைக்கப்பட்டவை என்று பொருள். 100, 120 என்று இருந்தால் மின்னோட்டத்துக்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதுவும் குறையில்லாத ஆம்ப். 4 ஓம் என்ற பேச்சே தாளில் இல்லையென்றால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதை வாங்காதீர்கள்.

ஸ்பீக்கரின் ஓம் நிலையான ஓர் எண் அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும் வளைகோடு. 8 ஓம் என்று குறிக்கப்பட்டது 6.4-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று சர்வதேசத் தரநிலை சொன்னாலும், சந்தையில் பல ஸ்பீக்கர்கள் 4-க்கும் கீழே இறங்குகின்றன. 1980-களில் வந்த அப்போஜி சின்டில்லா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் ஏறத்தாழ 1 ஓம்; பெயர் பெற்ற ஆம்புகள் பலவும் அதன் முன்னால் திணறின. அப்படிப்பட்ட ஸ்பீக்கருக்குச் சாதாரண ஆம்ப் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

வாட் கூடுதலான ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடாதா?

வீடுகளில் நான் பார்த்தவரை, எரிந்துபோன ட்வீட்டர்களில் (உயர் அதிர்வெண்களை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர்கள்) பெரும்பாலானவை சிறிய ஆம்பை எல்லைக்கு அப்பால் விரட்டியதால் போனவை. நண்பர் ஒருவரிடம் 20 வாட் ஆம்பும் 100 வாட் என்று எழுதிய ஸ்பீக்கர்களும் இருந்தன. பொங்கலன்று உறவினர் கூடியிருந்தபோது குமிழை முழுவதும் திருகி மூன்று மணி நேரம் ஓடவிட்டிருக்கிறார். மறுநாள் இடப்பக்கத்தில் ஜாலராவும் தம்புராவும் காணாமல் போயிருந்தன. ட்வீட்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன், முள் அசையவில்லை. அதற்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கறுத்து, வார்னிஷ் கருகிய வாடை அடித்தது.

நடந்தது இதுதான். ஆம்பின் வோல்டேஜ் எல்லையைச் சிக்னல் தொட்டதும் அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. இதையே கிளிப்பிங் என்கிறோம். வெட்டுப்பட்ட அலையில் புதிதாக உயர் அதிர்வெண்கள் பிறக்கின்றன. அதோடு, முகடுகள் மேலே போக வழியில்லாததால், குமிழைத் திருகத் திருக மெல்லிய பகுதிகள் மட்டும் உயர்ந்து, சராசரித் திறன் ஏறிக்கொண்டே போகிறது. சில வாட் வெப்பத்தையே நெடுநேரம் தாங்கக்கூடிய ட்வீட்டர் இந்த இரண்டையும் ஒருசேர வாங்கிக்கொள்கிறது. 100 வாட் ஆம்பில் அதே குடும்பம் அதே அளவில் கேட்டிருந்தால் கிளிப்பிங் மிகவும் குறைந்திருக்கும். ஆனால் அந்த 100 வாட்டையும் முழுவதும் திருகிவிட்டால் எந்த ஸ்பீக்கரும் தாங்காது. ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்தில் கையை எடுப்பதே உண்மையான பாதுகாப்பு.

கிளாஸ் ஏ, ஏபி, டி: எதை எடுப்பது?

கிளாஸ் ஏ-யில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எப்போதும் முழு மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் இடத்தில் வரும் உருக்குலைவு அதில் இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை வெப்பம். சேனலுக்கு 25 வாட் தரும் கிளாஸ் ஏ ஆம்ப், பாட்டே ஓடாதபோதும் 200 வாட் அளவுக்கு இழுக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 48 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு என்று 2016-இல் அறிவித்த 100 இலவச யூனிட்டில் ஏறத்தாழ பாதி. சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் அதோடு உட்கார்ந்து கேட்பது எளிதல்ல.

கிளாஸ் ஏபி, சிறிய சிக்னலுக்கு ஏ-யைப் போலவும் பெரிய சிக்னலுக்கு மாறி மாறியும் வேலை செய்யும். பல பத்தாண்டுகளாக வீட்டு ஆம்புகளின் பொது வழி இதுவே. பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பார்; உதிரி கிடைக்கும். சிறு ஊரில் இருப்பவருக்கு இது சிறிய காரணம் அல்ல.

கிளாஸ் டி-யில் உள்ள டி, டிஜிட்டல் என்பதன் சுருக்கம் அல்ல. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவே. டிரான்சிஸ்டர்கள் நொடிக்குச் சில லட்சம் முறை முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் வேலை செய்வதால் வெப்பமாக வீணாவது மிகக் குறைவு. தொடக்க கால கிளாஸ் டி ஆம்புகளின் குறை, கடைசியில் வரும் ஃபில்டரில் இருந்தது: ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து உச்ச அதிர்வெண்கள் ஏறியும் இறங்கியும் போயின. 2000-களின் தொடக்கத்தில் ஃபிலிப்ஸில் பணியாற்றிய புரூனோ புட்சீஸ், ஃபில்டருக்குப் பிறகான இடத்திலிருந்தே பின்னூட்டம் (வெளியே போவதை உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துவது) எடுக்கும் அமைப்பை உருவாக்கினார். அவ்வழியில் வந்த ஹைபெக்ஸ், பின்னர் ப்யூரிஃபை நிறுவனங்களின் மாட்யூல்களில் (தயார்நிலை ஆம்ப் சர்க்யூட் போர்டுகள்) உருக்குலைவு, அளவுகருவிகளுக்கே சவாலாகும் அளவுக்குக் கீழே இருக்கிறது. நல்ல மாட்யூல் வைத்த கிளாஸ் டி ஆம்பை வெப்பமான ஊரில் வாழ்பவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஒரே குறை, கெட்டுப்போனால் தெருமுனைக் கடையில் சரிசெய்ய முடியாது. மாட்யூலையே மாற்ற வேண்டும்.

வால்வ் ஆம்ப்?

டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வுகளால் இயங்குவது. அழகானது, இனிமையானது. அதன் அவுட்புட் மின்மறுப்பு சற்று அதிகம் என்பதால் ஸ்பீக்கரின் ஓம் வளைகோட்டைப் பின்பற்றி ஒலியின் நிறமே கொஞ்சம் மாறும். அந்த இனிமையில் ஒரு பங்கு அதிலிருந்து வருவது. 300பி வால்வ் ஒன்றை மட்டும் வைத்த ஆம்ப் சேனலுக்குச் சுமார் 8 வாட்தான் தரும். 95 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் இல்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட், சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் நிற்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடி இல்லாத வால்வ் ஆம்பை வைக்கக் கூடாது.

டாம்பிங் ஃபேக்டர் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்பின் அவுட்புட் மின்மறுப்பால் வகுத்தால் வரும் எண் இது. 50-க்கு மேல் இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம். 200 என்று எழுதிய ஆம்பின் அவுட்புட் மின்மறுப்பு 0.04 ஓம். ஐந்து மீட்டர் நீளத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போக வர அதன் தடை மட்டும் 0.115 ஓம். இரண்டும் சேர்ந்ததும் 200 என்பது 52 ஆகிவிடுகிறது. 500-க்கும் 1000-க்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒயரே விழுங்கிவிடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே ஸ்பீக்கருக்கும் போதுமானது.

என் பிரீஆம்போடு, டிஏசியோடு பொருந்துமா?

பிரீஆம்பின் அவுட்புட் மின்மறுப்பைப் போல் பவர் ஆம்பின் இன்புட் மின்மறுப்பு பத்து மடங்காவது இருக்க வேண்டும். அடுத்து, பெருக்கத்தை, அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு உயர்த்துகிறது என்பதைப் பாருங்கள். பெரும்பாலான டிஏசிகள் 2 வோல்ட் தருகின்றன. 1 வோல்ட்டிலேயே முழுத் திறனைத் தொடும் ஆம்பில் வால்யூமைப் பாதிக்கு மேல் எப்போதும் திருக முடியாது; கூடவே, உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கரில் பாட்டில்லாதபோது “ஸ்ஸ்” என்ற சத்தம் கேட்கும். பெருக்கத்தைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் குறைந்த நிலையிலேயே வையுங்கள்.

ஆம்புக்கு ஆம்ப் ஒலி உண்மையிலேயே வேறுபடுமா?

கிளிப்பிங்குக்குள் போகாமல், ஸ்பீக்கரின் ஓமைத் தாங்கக்கூடிய, நன்றாக வடிவமைத்த இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்புகளுக்கு நடுவே வேறுபாடு மிகச் சிறியது. ஸ்பீக்கரை ஓர் அடி நகர்த்தினால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரியது. என் காதில் பல ஆண்டுகள் கேட்ட பிறகு வந்த முடிவு இது. உங்கள் காதில் சோதித்துப் பாருங்கள், ஆனால் முறையாகச் சோதியுங்கள்.

சத்தம் ஒரு துளி கூடுதலாக இருந்தால் அந்த ஆம்பே “நன்றாக” இருப்பதாகக் காது சொல்லும். ஆகவே முதலில் அளவைச் சமப்படுத்த வேண்டும். 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, முதல் ஆம்பில் 2.00 வோல்ட் வருமாறு குமிழை நிறுத்துங்கள். இரண்டாவதிலும் அதே 2.00 வர வேண்டும். 2.02-க்குள் இருந்தால் வேறுபாடு 0.1 டெசிபலுக்குள் அடங்கும். பிறகு வேறொருவர் மாற்ற, எது எதென்று தெரியாமல் கேளுங்கள். கடையில் இதற்கு இடம் தர மறுத்தால், வீட்டுக்கு எடுத்துச் சென்று கேட்க அனுமதிக்கும் கடையைத் தேடுங்கள்.

மைக்செட் ஆம்பையோ, கடையில் அசெம்பிள் செய்ததையோ வைத்துக்கொள்ளலாமா?

மைக்செட் ஆம்ப் கூம்புக் குழாய்களுக்கும் நீண்ட ஒயர்களுக்கும் ஆனது. 100 வோல்ட் லைன் முனைகள் அதற்காகவே இருக்கின்றன. வீட்டு இசைக்கு அது ஏற்றதல்ல. அசெம்பிள் செய்தது வேறு விஷயம். எல்எம்3886 என்ற சிப், இருபக்கமும் 28 வோல்ட் கொடுத்தால் 8 ஓமில் 38 வாட், 4 ஓமில் 68 வாட் தூய்மையாகத் தரும். நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் வெப்பத்தை வெளியேற்றப் போதிய ஹீட்சிங்கும் (உலோகத் தகடு) இருந்தால் அது எந்தக் கூடத்துக்கும் கௌரவமான ஆம்ப். ஆபத்து, போலி உதிரிகளில் இருக்கிறது. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்று அச்சிட்ட ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் என் ஆம்பில் ஒரே வாரத்தில் போயின. உடைத்துப் பார்த்தபோது, விரல்நகம் அளவு இருக்க வேண்டிய சிலிக்கான் தகடு உளுந்து அளவே இருந்தது. உதிரி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு, பில் காட்டக்கூடியவரிடம் மட்டும் செய்யக் கொடுங்கள்.

மின்சாரம், எர்த், வெப்பம்: எதைக் கவனிக்க வேண்டும்?

எர்த் முதலில். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்றால், அல்லது “உம்ம்” என்ற ஓசை விடாமல் வந்தால், எர்த் பின்னை ஒடித்துச் சரிசெய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஆம்புக்குள் வரும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கேபிள் டிவி ஒயர் இணைந்த செட்-டாப் பாக்ஸைக் கழற்றியதும் ஓசை நின்றால் குற்றவாளி அதுவே.

வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கினால் ரெகுலேட்டர் இல்லாத சப்ளை கொண்ட 100 வாட் ஆம்ப் சுமார் 75 வாட் ஆகிவிடும், அது 1.2 டெசிபல்தான், கவலை வேண்டாம். சதுர அலை இன்வர்ட்டரில் மட்டும் ஓட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

மேலே நான்கு அங்குலமாவது இடம் விடுங்கள். கெபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். வெதுவெதுப்பான பெட்டிக்குள் பல்லி புகுந்து, சர்க்யூட் போர்டின் மேல் கருகிக் கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன். காற்றுத் துளைகளின் உட்புறம் மெல்லிய நைலான் வலை ஒட்டினால் போதும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்ட வேண்டும்.

பழைய ஆம்ப் வாங்கும்போது எதைச் சோதிப்பது?

முதலில் பின்பக்க வோல்டேஜைப் படியுங்கள். ஜப்பானின் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட்டுக்கானவை. நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. அடுத்து, ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் பாதுகாப்பு ரிலே “டக்” என்று ஒலிக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு சேனல்களின் ஸ்பீக்கர் முனைகளையும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் பழுதுச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். வோல்ட் கணக்கில் வந்தால் உங்கள் ஸ்பீக்கரை அதோடு இணைக்கவே வேண்டாம். மூடியைத் திறக்க விற்பவர் இசைந்தால், பெரிய கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பிசின் போல் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு பக்க ஹீட்சிங்கும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துவிட்டு அதன்பிறகு பணத்தை எடுங்கள்.